அவுக

டிசம்பர் 27

வந்து சேர்ந்தாச்சு. மதுரை ஏர்போர்ட்டுக்குத் தம்பி பூவநாதன் கார் கொண்டு வந்திருந்தான். அப்பா காரியத்துக்கு வந்தப்போ நேர்ல பார்த்தது. அதுக்கப்புறம் பதினாறு வருஷமா போன்ல முகத்தை மட்டும் பார்த்ததால தொப்பை எனக்குப் புதுசு. கட்டிப் பிடிக்கப் போனேன். அவன் பெட்டியை வாங்கிக்கிட்டான்.

சாத்தூர் தாண்டினதும், யாராவது ஏதாவது கேட்டா பார்த்துப் பேசுக்கான்னான். யார் கேப்பாங்க, என்ன கேப்பாங்கன்னு கேட்டேன். இந்த வருஷம் மழை பரவாயில்லை, உளுந்து நல்லா நிக்குது பாருன்னான். உளுந்து நிக்கறது எனக்கும் தெரியுது. நான் கேட்டது அது இல்லை.

அம்மா வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தது. இளைச்சுப் போச்சு. என் ரெண்டு கையையும் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு முதல் கேள்வியா, "அவுகள விட்டுட்டு வந்துட்டியாட்டி?"ன்னு கேட்டது. நாயைப் பார்த்துக்க ஆள் வேணும்ல, அதான்னேன்.

அவுகன்னா நோரா. அயர்லாந்துல, கார்க்ல என்கூட வீட்டைப் பகிர்ந்துக்கறவ. நான் அங்க ஆஸ்பத்திரியில நர்ஸ், அவ டவுன் பஸ் ஓட்டுறா. அம்மாவுக்கு எல்லாரும் அவுக இவுகதான். பால்காரரும் அவுக, நகராட்சி சேர்மனும் அவுக.

தூக்கம் கண்ணைக் கட்டுது. எனக்குன்னு பாத்ரூம்ல புது துண்டு, புது சோப்பு, புது வாளி. சொந்த வீட்டுல எனக்கு எதுக்கு இதெல்லாம்னு கோமதிகிட்ட கேட்டேன். கோமதி தம்பி பொண்டாட்டி. சும்மா சிரிச்சா.

டிசம்பர் 28

இன்னைக்கு நடந்ததை எழுதாம விட்டா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்.

மார்கழியாச்சே, காலையில கோயில் ரேடியோ எழுப்பி விட்டுருச்சு. வாசல்ல கோலம் போடலாம்னு உக்காந்தேன். புள்ளி வச்சதெல்லாம் சரி, இழுக்கத்தான் கை வரலை. அடுத்த வீட்டுக் கனியம்மா மதினி வந்து பக்கத்துல நின்னா. மதினிக்கு ஒரு காது மந்தம், அதனால ஊருக்கே கேக்கற மாதிரிதான் பேசுவா.

அவுக வரலையான்னா. வேலை இருக்குன்னேன். பஸ் கம்பெனின்னா சும்மாவா, எத்தனை வண்டி ஓடுதுன்னா. எனக்கு அது புரியலை. நோரா ஓட்டுறதைக் கேக்கறா போலன்னு நினைச்சு ஒரு வண்டிதான்னேன். அடக்கமாப் பேசுதான்னு என் கன்னத்தைத் தடவினா. மூட்டுவலி தேவலையா, உங்கம்மா முடக்கத்தான் காய வச்சு அனுப்புச்சேன்னா. நோரா அதைச் சூப் வச்சுக் குடிச்சது நிஜம்தான். தேவலைன்னேன்.

அடுத்து, பையன் முருகு எந்த ஸ்கூல்ல படிக்கான்னு கேட்டா.

எந்த முருகுன்னேன். உன் மகன்தான், போன வருஷம்கூடக் காய்ச்சல்னு உங்கம்மா வேண்டிக்கிட்டு கோயில்ல விளக்குப் போட்டுச்சேன்னா. காய்ச்சல் வந்தது மர்ஃபிக்கு. மர்ஃபி எங்க நாய். நாக்குல இருந்ததை அப்படியே சொல்லிட்டேன்: "படிக்கலை மதினி. சோபாவுல படுத்துக் கிடக்கான்." இந்தக் காலத்துப் பிள்ளைக எல்லாம் அப்படித்தான்னு மதினி ஆறுதல் சொன்னா. போகும்போது, நாராயணன் அண்ணாச்சியைக் கேட்டதாச் சொல்லுன்னுட்டுப் போனா.

கோலப்பொடி டப்பாவை அப்படியே போட்டுட்டு அடுப்படிக்குள்ள போய் கோமதியைப் பிடிச்சேன். யாரு இந்த நாராயணன்? கோமதி தோசையைத் திருப்பாம கருக விட்டா. அப்புறம் மெதுவா எல்லாத்தையும் சொன்னா.

பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இருக்குமாம். அம்மா என்கிட்டப் பேசிட்டு போனை வைக்க, உங்க மக வல்லி அங்க தனியாவா கிடக்கான்னு மதினி கேட்டிருக்கா. தனியா எதுக்கு, நோராகூட இருக்கா, அவுக நல்லாப் பாத்துக்கிடுதாகன்னு அம்மா சொல்லியிருக்கு. மதினி காதுல நோராகூட விழலை, நாராயணன்கூடன்னு விழுந்துருச்சு. சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்க, வல்லிக்கு அங்கேயே கல்யாணம் முடிஞ்சுருச்சு, மாப்பிள்ளை பேரு நாராயணன். பஸ் ஓட்டுறவ பஸ் கம்பெனி முதலாளியானது, மர்ஃபி முருகு ஆனது எல்லாம் வருஷா வருஷம் தானாவே வளர்ந்தது.

அம்மா மறுக்கலை. பூவநாதன் கேக்கவே வேண்டாம், கும்பிடு போட்டு ஏத்துக்கிட்டிருக்கான். போன்ல எனக்கு வரன் சொல்றது திடீர்னு ஒருநாள் நின்னு போச்சே, அலுத்துட்டாங்கன்னு நான் சந்தோஷப்பட்டேனே. அலுக்கலை. எனக்குத் தெரியாமலே எனக்குக் கல்யாணத்தை முடிச்சு, ஒரு நாயைப் பெத்துக்கவும் வச்சிருக்காங்க.

டிசம்பர் 29

அம்மாகிட்ட நாலு கேள்வி கேக்கணும்னு போனேன். கருணைக்கிழங்கு மசியல் பண்ணி வச்சிருந்தது. சாப்பிட்டேன். கேக்கலை.

டிசம்பர் 31

கேட்டேன்.

அம்மா மொச்சை உரிச்சுக்கிட்டிருந்தது. நிமிரவே இல்லை. "நான் பொய் சொல்லலைட்டி. அவுகன்னுதான் சொன்னேன். கேட்டவுக அவுக இஷ்டத்துக்குக் கேட்டுக்கிட்டாக."

திருத்தியிருக்கலாம்லன்னேன்.

"என்னன்னு திருத்த?"

இப்ப அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நல்ல நேரமா அப்பப் பார்த்துத் தண்ணி வந்துருச்சு. இங்க குழாயில தண்ணி எப்ப வரும்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். வந்தா எல்லாரும் குடத்தைத் தூக்கிட்டு ஓடணும். ஓடினேன். எல்லாக் குடமும் நிறைஞ்ச பிறகும் வீட்டுல இருந்த குண்டான், சட்டி எல்லாத்தையும் எடுத்துப் பிடிச்சேன்.

ஜனவரி 2

என்னை வரச் சொன்னதுக்கான காரியம் ஆரம்பம். தம்பி மக அபிநயாவுக்கு வரன் அமைஞ்சிருக்கு. மாப்பிள்ளை பேரு ஹரிகிருஷ்ணன், சங்கரன்கோவில் பக்கம். அவங்க அப்பா கல்யாணசுந்தரம் அரசாங்க வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர். தை பிறந்ததும் நிச்சயம், மாசியில கல்யாணம். அதுவரைக்கும் நான் லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

பத்திரிகைக்கு மாதிரி எழுதி வச்சிருந்தான் பூவநாதன். அதுல "அத்தை – மாமா"ங்கற தலைப்புக்குக் கீழ திருமதி செண்பகவல்லி, திரு. நாராயணன், அயர்லாந்து. அத்தானுக்கு ஒரு இனிஷியல் வேணும்க்கா, ஏதாவது சொல்லுன்னு பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். முகத்துல வெக்கம் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

இல்லாத ஆளுக்கு எதுக்குடா இனிஷியல்னேன். என் பேரைத் தனியாப் போடு, இல்ல போடாதே. நான் யாருக்கும் திருமதி இல்லை.

தனியாப் போட்டா வாழாவெட்டின்னு நினைப்பாங்கன்னான். எப்படிச் சொல்றான் பாரு அந்த வார்த்தையை, கொஞ்சம்கூடக் கூசாம. நான் வாழாத வாழ்க்கையா? ரெண்டு நாட்டுல நைட் டியூட்டி பார்த்து, சொந்தமா வீடு வாங்கி, வாரத்துல ஒருநாள் மீன்குழம்பு வச்சுச் சாப்பிட்டு, மழையில நாயைக் கூட்டிட்டு நடந்து, ராஜாத்தி மாதிரி இருக்கேன். இது வாழ்க்கையாத் தெரியலையாம். தாலி கட்டினவன் ஒருத்தன் பேப்பர்லயாவது இருந்தாத்தான் கணக்காம்.

கோமதி தயங்கித் தயங்கி ஒரு சின்ன டப்பாவை நீட்டினா. உள்ள வெள்ளி மெட்டி ஒரு ஜோடி. நிச்சயத்தன்னைக்கு மட்டும் போட்டுக்கங்க மதினின்னா. என் விரலுக்கு அளவெடுத்த மாதிரியே இருந்துச்சு. அளவு எப்படித் தெரியும்னு கேட்டேன். நீங்க தூங்கும்போது நூலை வச்சுப் பார்த்தேன்னா. கோபத்துக்கு நடுவுல சிரிச்சுட்டேன். டப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

ஜனவரி 5

பூவநாதன் இன்னைக்கு ஒரு யோசனையோட வந்தான். ராத்திரியெல்லாம் யோசிச்சிருப்பான் போல, கண்ணு சிவந்து கிடந்துச்சு. அக்காவுக்குப் பொய் சொல்ல இஷ்டமில்லைன்னா வேற ஒண்ணு செய்யலாம்னான். அத்தான் தவறிட்டாருன்னு சொல்லிரலாமாம். போன மாசம் ஹார்ட் அட்டாக். ஒரு பொய்யோட எல்லாப் பொய்யும் முடிஞ்சிரும், அப்புறம் உன் பேரைத் தனியாவே போட்டுக்கலாம்னு சொல்றான். மேடைக்கு மட்டும் வராம இருந்துட்டாப் போதுமாம், ஏன்னா அப்ப நான் விதவை.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சது.

"உசுரோட இருக்கவள எதுக்குடா சாகடிக்க?"

அம்மா அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. பூவநாதன் அது என்னைச் சொன்னதுன்னு நினைச்சுக்கிட்டு, அக்காவை யாரும்மா சாகடிச்சா, அத்தானைத்தானே சொன்னேன்னான். அம்மா உள்ள போயிருச்சு. மத்தியானம் சாப்பிடலை, சாயங்காலம் காபியும் குடிக்கலை.

அம்மா என்னைத்தான் சொல்லியிருக்கும். வயசாச்சு, அவுகன்னு சொல்ல வேண்டிய இடத்துல வாய் குழறியிருக்கும். ரெண்டுல ஒண்ணு. நான் வேற எதையும் யோசிக்கலை.

ஜனவரி 6

அம்மா சாப்பிட்டுச்சு. நான் ஊட்டினேன். யாரும் யாரையும் சாகடிக்கப் போறதில்லைன்னு சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தது.

ஜனவரி 8

அபிநயா காலேஜ்ல பாடம் நடத்துறா, அதனால பேச்சும் வகுப்பெடுக்கற மாதிரிதான் இருக்கும். மொட்டை மாடியில வடாம் காயப் போட்டுட்டு நின்னப்போ மேல வந்தா. சுத்தி வளைக்கலை. "உங்களுக்கு இது ஆறு வாரம் அத்தை. எனக்கு அந்த வீட்டுல ஆயுசு பூரா. ஒரே ஒருநாள் மெட்டி போட்டா என்ன குறைஞ்சிரும்?"

ஒருநாள்னா ஒருநாளோட நிக்காதுன்னேன். நிச்சயத்துக்கு அவர் லீவு கிடைக்காம வரலைம்பீங்க. கல்யாணத்துக்கு உடம்புக்கு முடியலைம்பீங்க. வளைகாப்புக்கு என்னன்னு சொல்வீங்க? உன் மாமியாருக்குப் பொய் சொல்றதை உன் புருஷனுக்கும் சொல்லணும். அவன் என்னைக்காவது அயர்லாந்துக்கு வந்து நின்னா நான் யாரைக் காட்டுறது?

உண்மையைச் சொன்னா அவங்க எந்திரிச்சுப் போயிருவாங்களேன்னா. குரல் உடைஞ்சுருச்சு. அதுக்காக நான் சரின்னு சொல்லலை. அவ வடாத்தை மிதிச்சுக்கிட்டே கீழ போயிட்டா. மிதிபட்டதைத் திரும்பப் பிழிய மாவு இல்லை.

ஜனவரி 10

நோரா கூப்பிட்டா. நாராயணன் கதையைச் சொன்னதும் மூச்சு முட்டச் சிரிச்சா, தனக்கு மீசை எப்படி இருக்கும்னு கேட்டா. அப்புறம், பத்து வருஷமா உங்க வீட்டுல நான் இருந்திருக்கேன், எனக்கே தெரியாமன்னா. அபிநயா கேட்டதைச் சொன்னேன். உன் இஷ்டம்னு சொல்லிட்டுச் சட்டுனு வச்சுட்டா.

அம்மா கட்டில்ல படுத்துக்கிட்டு இதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்திருக்கு. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. "அவுகளுக்குக் கோவமா? செடிகிட்டப் போயிட்டாகளா?"

நோரா கோபம் வந்தா தோட்டத்துல இருக்கற கண்ணாடிக் கொட்டகைக்குள்ள போய் தக்காளிச் செடியோட உக்காந்துக்குவா. இது உனக்கு எப்படிம்மா தெரியும்னேன். நீதானே எப்பவோ சொன்னன்னு திரும்பிப் படுத்துக்கிச்சு.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா யோசிச்சுப் பார்த்தேன். நாராயணனுக்கு டீயில சீனி ஆகாது. நோராவுக்கும் ஆகாது. நாராயணனுக்கு இடது முழங்கால் வலி. நாராயணன் சனிக்கிழமை ரொட்டி சுடுவாரு, மோர்க்குழம்புன்னா உசுரு, கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போயிரும். கனியம்மா மதினி முதக்கொண்டு தெருவுல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்றாங்க. பேரையும் கம்பெனியையும் ஊர் ஒட்டி வச்சுது. அம்மா சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்கலை. நான் போன்ல நோராவைப் பத்திச் சொன்னதை எல்லாம் வருஷக்கணக்கா அம்மா ஊருக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, சொந்த மருமகப் பிள்ளையைப் பத்திப் பெருமை பேசுற மாதிரி.

ஒவ்வொரு தடவை நான் போன் பண்ணும்போதும் அம்மா வைக்கறதுக்கு முன்னாடி கேக்கும், அவுக சாப்பிட்டாகளான்னு. மரியாதைக்குக் கேக்குதுன்னே நினைச்சிருந்தேன். நல்ல வார்த்தை அது. ஆம்பளையா பொம்பளையான்னு அதுல தெரியாது.

ஜனவரி 14

பொங்கல். பானை பொங்குச்சு. நானும் பூவநாதனும் பேசிக்கலை. கரும்பை மட்டும் எனக்கு முதல்ல வெட்டிக் குடுத்தான், சின்ன வயசுல மாதிரி நடுக்கணுவை.

ஜனவரி 19

முடிஞ்சுது. எழுதறேன்.

நிச்சயம் நம்ம வீட்டுலதான். மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒரு வேன் நிறைய வந்தாங்க. நான் அரக்குப் பட்டு கட்டி, மல்லிகை வச்சு, கால்ல ஒண்ணும் இல்லாம நின்னேன். கோமதி என் காலைப் பார்த்துட்டுச் சாமி படத்தைப் பார்த்தா.

லக்கினப் பத்திரிகை வாசிச்சாங்க. தாம்பூலம் மாத்தப் போற நேரம். கல்யாணசுந்தரம் நல்ல மனுஷன்தான், என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே, "அயர்லாந்து மாப்பிள்ளை கல்யாணத்துக்காவது வருவாகளாம்மா?"ன்னார். பூவநாதன் எனக்கு முந்தி வாயைத் திறந்தான். நான் அவனுக்கு முந்திட்டேன்.

"நாராயணன்னு யாரும் கிடையாதுங்க. எனக்குக் கல்யாணம் ஆகலை. நோரான்னு ஒருத்தி இருக்கா. பதினாலு வருஷமா நானும் அவளும் ஒண்ணா இருக்கோம். வீடு, சாப்பாடு, சண்டை, சந்தோஷம் எல்லாம் ஒண்ணாத்தான். அவதான் என் குடும்பம். என் தம்பி மக மேல ஒரு பொய்யை ஏத்தி உங்க வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு இல்லை. அபிநயாவைப் பத்தி நீங்க கேள்விப்பட்டது எல்லாம் நிஜம்."

இப்ப இந்த நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். இங்கேயே நான் என்ன எழுதியிருக்கேன்? வீட்டைப் பகிர்ந்துக்கறவளாம். இனிமே அப்படி எழுத மாட்டேன்.

மாப்பிள்ளையோட அம்மா தாம்பூலத் தட்டைக் கீழ வச்சுட்டாங்க. கனியம்மா மதினி பக்கத்துல இருந்தவளைப் பார்த்து என்ன சொன்னா, என்ன சொன்னான்னு சத்தமாக் கேக்கறா. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி மட்டும் என்கிட்ட வந்து, சண்டை வந்தா முதல்ல யாரு பேசுவாகன்னு ரகசியமாக் கேட்டா. அவதான்னேன். குடுத்து வச்சவ நீன்னுட்டுப் போயிட்டா.

சாப்பிட்டாங்க. பாயசம் நல்லா இருக்குன்னாங்க. தட்டு மாத்தலை. கலந்து பேசிட்டுப் போன் பண்றோம்னு வேன்ல ஏறிட்டாங்க. அம்மா கடைசி வரைக்கும் நாற்காலியை விட்டு அசையலை.

ஜனவரி 20

தண்ணி வந்துச்சு. பிடிச்சோம்.

சாயங்காலம் பூவநாதன் என் முன்னாடி வந்து நின்னான். திட்டுவான்னு நினைச்சேன். அழுதான். "நீ சொல்லிட்டு ஏரோப்ளேன்ல ஏறிருவ. நான் நாளைக்குக் கடையைத் திறக்கணும்க்கா. இந்தத் தெருவுல நடக்கணும்."

நியாயம்தான். ஆனா நான் செத்தாலும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். நானும் இந்தத் தெருவுலதான் நடந்தேன்டா, முப்பது வயசு வரைக்கும், எப்பக் கல்யாணம் எப்பக் கல்யாணம்னு ஒவ்வொரு வாசல்லயும் கேட்டாங்க. அப்பல்லாம் நீ எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கியான்னு கேட்டேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டான். இல்லைன்னான்.

ஜனவரி 22

போன் வந்துருச்சு. சம்மதம். ஆனா பத்திரிகையில அத்தை பேரு இருக்கக் கூடாது, மேடையிலயும் அத்தை நிக்கக் கூடாது. வேற எதுவும் இல்லை, சொந்தக்காரங்க வாயை அடைக்கணும்ல, தப்பா நினைச்சுக்காதீங்கன்னு கல்யாணசுந்தரமே பேசினார். குரல்ல அவருக்கே சங்கடம்.

பூவநாதன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்து சொன்னான். அவன் தப்பிச்சோம்னு நினைச்சது தெரிஞ்சுது. நான் டிக்கெட்டை மாத்திக்கறேன்னேன். கோபத்துலதான் சொன்னேன். உள்ளுக்குள்ள அறுந்து போச்சு. என் தம்பி மக கல்யாணம். அவ பிறந்தப்போ ஆஸ்பத்திரியில துணியில சுத்தி வாங்கினவ நான்.

அபிநயா ஹாலுக்கு வந்து எல்லார் முன்னாடியும் ஹரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டா. "உங்க வீட்டுப் பத்திரிகையை நீங்க எப்படி வேணா அடிச்சுக்கங்க. எங்க பத்திரிகையில எங்க அத்தை பேரு இருக்கும். மண்டபம் எங்க ஊருல, மேடையில எங்க ஆளுங்க நிப்பாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க வீட்டுல ஒரு ஆளைக் கழிக்கிறீங்கன்னா, அப்புறம் என்னையும் கழிப்பீங்க. யோசிச்சுச் சொல்லுங்க." அவன் என்ன சொன்னான்னு எங்களுக்குக் கேக்கலை. ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே நின்னா. சரின்னு வச்சா.

நான் எந்திரிச்சுக் கட்டிக்கப் போனேன். உங்களுக்காக இல்லை அத்தை, உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகலைன்னா. பரவாயில்லை. அந்தக் கோபத்தோடயே கட்டிக்கிட்டேன்.

ஜனவரி 23

ஹரிகிருஷ்ணன் கூப்பிட்டான். ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு பத்திரிகைதானே வழக்கம், அவங்கவங்க இஷ்டத்துக்கு அடிச்சுக்கலாம்னு அப்பாகிட்டப் பேசி முடிச்சுட்டானாம். அவங்க அம்மா இன்னும் முகத்தைத் தூக்கி வச்சிருக்காங்களாம். மேடையில எல்லாரும் நிக்கலாம். என்கிட்டயும் ஒரு நிமிஷம் பேசினான். குரல் பயந்து பயந்து வந்துச்சு. பாவம், பிழைச்சுக்குவான்.

ஜனவரி 24

பிரஸ்ல இருந்து பத்திரிகையோட மாதிரி வந்துருச்சு. ராத்திரிக்குள்ள திருத்திக் குடுக்கணும்னு பூவநாதன் மத்தியானமே கடையைப் பூட்டிட்டு வந்து ஹால்ல உக்காந்து எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினான். குலதெய்வம், முகூர்த்தம், பெரியப்பா, சித்தப்பா எல்லாம் ஆச்சு. என் பேரு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "செல்வி ச. செண்பகவல்லி"ன்னான்.

அபிநயா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. எனக்கு ஐம்பது முடிஞ்சுது, நான் செல்வியாம். இருக்கட்டும்டான்னேன். தனியா இருந்தாலும் என் பேரு என் பேரா இருக்குல்ல, அது போதும்னு நிஜமாவே நினைச்சேன். இதுக்குத்தானே இத்தனை சண்டை.

அம்மா நிச்சயத்துல இருந்து இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. இப்ப கட்டில்ல இருந்து கேட்டுச்சு, "அதென்ன ஒத்தையா ஒரு பேரு?"

அக்காதாம்மா அப்படிப் போடச் சொன்னான்னான் பூவநாதன்.

"நோரா பேரு எங்க?"

பதினாலு வருஷத்துல அம்மா வாயில இருந்து அந்தப் பேரை நான் கேட்டதில்லை. பூவநாதன் பேப்பரைப் பார்த்துக்கிட்டே, அத்தை மாமான்னு தலைப்பு இருக்கும்மா, அவங்களை எங்க போடறதுன்னான்.

"மாமாவ அடிச்சிரு. அத்தைமார்னு போடு. ரெண்டு பேரையும் கீழ எழுது."

ஊரு கேட்டா என்னம்மா சொல்றதுன்னான்.

"இத்தன வருஷமா ஊருக்குப் பதில் சொன்னது யாரு? நான்தான? இனிமேலும் நானே சொல்லிக்கிடுதேன். நீ எழுதுலே."

பூவநாதன் என்னைப் பார்த்தான், கோமதியைப் பார்த்தான். பேனாவை எடுத்து மாமாவை அடிச்சான். பக்கத்துல மார்னு எழுதி, என் பேருக்குக் கீழ நோரான்னு எழுதினான். எழுதிட்டு எழுத்து சரியான்னு என்கிட்டக் காட்டினான். சரியாத்தான் எழுதியிருந்தான்.

அம்மா என் பக்கம் திரும்பி, இப்ப அங்க மணி என்னன்னு கேட்டது. காலையில எந்திரிச்சிருப்பான்னேன்.

"அப்ப அவளுக்குப் போனப் போடுட்டி. கல்யாணத்துக்கு நான் கூப்பிடணும்ல."

அவளுக்குன்னு சொல்லுச்சு அம்மா. நான் போனைத் தேடினேன், கையிலயே இருந்துச்சு.